ஐம்பத்து நாலு கிலோ

டீக்கடையில் தகராறு முற்றினால்
என்னிடம்தான் வருவார்கள்.
"வே, ஐம்பத்து நாலு கிலோவுல
ஆருக்கு அடி பெருசு, நீரு சொல்லும்."
பார்த்தவர்கள் ஊரில் நூறு பேர்.
எல்லோரிடமும் வாங்கியவன் நான் ஒருத்தன்.

பாளையங்கோட்டையில் பதினோரு வருஷம்.
முப்பத்தாறு சண்டை, ஜெயித்தது நாலு.
அதிலும் ஒன்றில் எதிராளி வரவில்லை,
கயத்தாற்றில் பஸ் பஞ்சர்.

மாசானத்தின் அடி சத்தம்தான்.
ஈர வேட்டியைக் கல்லில் அறைந்ததுபோல் கேட்கும்,
கூட்டம் எழுந்து நிற்கும்,
எனக்கு விலா லேசாய்ச் சிவக்கும்.
அவன் பேரைத்தான் எல்லோரும் முதலில் சொல்வது.
சொல்லட்டும்.

மேலப்பாளையம் காதர் ஒலி வேறு ரகம்.
தறி ஓடுவதுபோல் இடது, இடது, வலது,
அப்போது வலிக்காது.
ரெண்டு நாள் கழித்துச் சிறுநீர்
சாயப்பட்டறைத் தண்ணீராய்ப் போகும்.
ஒருமுறை நோன்பு வாயோடு வந்து
என்னைப் படுக்க வைத்தான்.
நோன்பு திறக்க வைத்திருந்த பாட்டிலை
அவனே என் முகத்தில் ஊற்றினான்.

திசையன்விளை ஜெசிந்தா என்றால் சிரிப்பார்கள்.
போலீஸ் வேலைக்குப் போகிற பிள்ளை,
பழகுவதற்கு என்னை எதிரே நிறுத்தினார்கள்.
"பாத்து அடி, பொம்பளப்புள்ள"
என்றார் மாஸ்டர் என்னிடம்.
அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.
கடைவாயில் இந்த ஓட்டை அவள் வைத்தது.
அல்வா போய் அடைத்துக்கொள்ளும்.
நாக்கால் தோண்டும்போதெல்லாம் தெரியும்
அந்தக் குத்து கிளம்பியது தோளில் அல்ல, இடுப்பில்.

கொம்பையா.
விக்கிரமசிங்கபுரம். மில் ஷிப்ட் முடித்து
தலையில் பஞ்சோடு பஸ்ஸில் வருவான்.
எடை பார்க்கும் காலை
ரெண்டு பேருக்கும் இருநூறு கிராம் கூடுதல்.
சித்திரை வெயிலில் மழைக்கோட்டு மாட்டி
மைதானத்தைச் சேர்ந்தே சுற்றினோம்.
ஒரே டம்ளரில் மாறி மாறித் துப்பினோம்.
சாயங்காலம், ரெண்டாம் ரவுண்டு.
அந்த வலதுகையைப் பற்றிச் சொல்ல
என்னிடம் ஒன்றுமில்லை, நான் அங்கே இல்லை.
டியூப்லைட். அதைச் சுற்றிப் பூச்சிகள்.
யாரோ 'ஆறு' என்கிறார்கள்.
என்ன ஆறு, தாமிரபரணியா என்று யோசிக்கிறேன்.
அதற்குள் 'ஏழு'.
இடது காதில் அது இன்னும் ஓடுகிறது.

இப்போது தாழையூத்துப் பக்கம்
எடைமேடையில் வேலை.
லாரி ஏறும், சிவப்பு எண் ஓடி நிற்கும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
பத்து கிலோவுக்குக் கீழே
மெஷினுக்குக் கண் தெரியாது.

போன ஐப்பசியில் ஒரு சிமெண்ட் லோடு.
டிரைவரை இறங்கச் சொன்னேன்,
ஆள் இருந்தால் கணக்கில் ஏறும்.
இறங்கினான். தொண்ணூறு இருப்பான்.
தொப்பை, நரை, அதே கழுத்து.
அவனுக்கு என்னைத் தெரியவில்லை.
குத்தினவனுக்கு எத்தனை முகம்.
சீட்டு வாங்க வலதுகையை நீட்டினான்.
ரெண்டு விரல் மடங்கவில்லை,
ஒரு முட்டி உள்ளே போயிருந்தது.

"கையில என்ன அண்ணாச்சி?"
"பழைய கத. பாளையங்கோட்டையில ஒருத்தன்.
மண்டையாவே அது, அம்மிக்கல்லு.
அதோட நின்னுபோச்சு நம்ம குத்து."
"பேரு?"
"பேரெல்லாம் ஆரு கண்டா."

கை தானாய் நெற்றிக்குப் போனது.
சொறிவதுபோல் எடுத்துக்கொண்டேன்.
மேசையிலிருந்த சில்லறையை
ரொம்ப நேரம் தேடினேன்.

வண்டி போனபின் மேடை காலி.
காற்றுக்கு எண் ஆடியது,
பத்து, பூஜ்யம், பத்து.

டீக்கடையில் இன்றைக்கும் கேட்டார்கள்.
மாசானம் என்றே சொல்லிவைத்தேன்.