துடுப்புக்குப் பதினெட்டு யூரோ

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு முதல் கார்
மேட்டில் வந்து நிற்கும்.
அதற்கப்பால் சாலை இல்லை, நீர்தான்.
சாலை அடியில் பத்திரமாக இருக்கிறது,
மே மாதம் திரும்பக் கிடைக்கும்.

இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது
ஆழம் எவ்வளவு என்று.
உருளைக்கிழங்குப் பாத்திக்கு மேல் முழங்கால்,
புல்வெளிக்கு மேல் இடுப்பு,
ஆற்றின் பழைய தடம் என்றால்
கேட்காமலிருப்பது நல்லது என்பேன்.
சிரிப்பார்கள். பிறகு
மிதவை அங்கியின் வாரை
இன்னும் ஒரு துளை இறுக்கிக்கொள்வார்கள்.

எஸ்தோனியாவில் மற்றவர்களுக்குப் பருவம் நான்கு.
சோமாவில் எங்களுக்கு ஐந்து.
பனி உருகி, ஆறுகளுக்குக் கரை மறந்துபோகும் நாட்கள்.
திடுதிப்பென்று வராது,
சொல்லிக்கொண்டுதான் வரும்:
கிணற்றில் ஒரு சாண்,
நிலவறையில் ஒரு படி, மறுநாள் இன்னொன்று.
மூன்றாம் படி நனைந்தால்
தம்பி வைனோ கோழிகளைப் பரணில் ஏற்றுவான்,
நான் படகுகளுக்கு எண் எழுதுவேன்.

போன ஏப்ரலில் தாலினிலிருந்து இரண்டு பேர்.
கெர்ட்டு, ராக்னர்.
அவளுடைய புது ரப்பர் பூட்ஸில்
விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.
அவனிடம் தெர்மாஸ், கறுப்பு ரொட்டி,
திங்கட்கிழமைக்குள் முடிக்க வேண்டிய ஏதோ ஒன்று.
அது பையில் இல்லை, நெற்றியில் இருந்தது.
ஏழாம் எண் படகைத் தள்ளிவிட்டேன்.
வேலிக் கம்பங்களின் தலையைப் பிடித்துக்கொண்டே போங்கள்,
குளியலறைக் கூரை தெரிந்தால் திரும்புங்கள்.

நீர்மேல் பேச்சு வெகுதூரம் போகும்.
நகரத்துக்காரர்களுக்கு இது தெரியாது.
துணி காயப்போட்டபடி கேட்டேன்:
நீதான் இடப்பக்கம் என்றாய்.
நான் சொன்னது போன வருடத்தை.
அப்புறம் அவனுடைய அம்மா வந்தார்,
ஒரு கட்டில், ஒரு வங்கிக் கடன்,
யாரோ விற்காமல் வைத்திருக்கும் நாய்க்கூண்டு.
அப்புறம் ஒன்றுமில்லை.
தேநீர் நிறத் தண்ணீரில்
ஒற்றைத் துடுப்பு மட்டும்
தனக்கென்று ஒரு வேலை இருப்பதுபோல்
கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

ஊர் ஊஞ்சலின் மேல்சட்டத்தில்
படகு மாட்டியிருந்தது.
ஜூன் மாதம் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஆடும் ஊஞ்சல்.
போகலாமா என்றான் வைனோ.
இன்னும் கொஞ்சம் ஆகட்டும் என்றேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம், தலைக்கு நேர் மேலே.
உள்ளான் செங்குத்தாக விழும்போது
வால் இறகில் காற்று நடுங்கும்.
எங்கள் மொழியில் அதன் பெயரிலேயே ஓர் ஆடு இருக்கிறது,
வானத்தில் கனைக்கும் ஆடு.
அவர்களுக்குத் தெரியவில்லை போல.
ஆடா, என்றாள் கெர்ட்டு. இங்கேயா?
அதுவும் அந்தரத்திலா, என்றான் அவன்.
இருவரும் அண்ணாந்திருந்தார்கள்.
வில்லோவின் சாம்பல் மொட்டுகளுக்கு நடுவே
படகு தானாகவே ஒரு விரற்கடை நகர்ந்தது.

மாலையில்தான் வந்து சேர்ந்தார்கள்,
ஒரு துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டு,
நேர்கோடு என்பதே இல்லாமல்.
என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது,
காற்று திசை மாறிவிட்டிருந்தது.
விலைச்சீட்டிலிருந்து நீர் சொட்டியது.
துடுப்புக்குப் பதினெட்டு யூரோ என்றேன்.
அவன் நோட்டு தேடினான்,
அவள் சில்லறையாக எண்ணிக் கொடுத்தாள்,
இரண்டு காசு கூடுதலாக.

ஜூலையில் புல் அறுக்கப் போனபோது
பள்ளத்து ஆல்டர் மரத்தில், என் தலைக்கு மேலே,
கிளைக் கவட்டில் படுத்திருந்தது துடுப்பு.
வைனோ ஏணி கொண்டுவந்தான்.
இருக்கட்டும் என்றேன்.
இப்போது ஆழம் கேட்பவர்களுக்கு
வாயால் பதில் சொல்வதில்லை.
இந்த வருடம் நீர் அதற்கு இரண்டு சாண் கீழே.

நாளைக்குப் பதிவேட்டில் அதே பெயர்கள்,
ஒன்றன்கீழ் ஒன்று, ஒரே கையெழுத்து.
படகு எத்தனை என்ற கட்டம் காலி.
ஏழையும் எட்டையும் கவிழ்த்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.
துடுப்பு, எதற்கும், ஐந்து.