கரைந்தது

பிறையில் ஐஸ் தொழிற்சாலை.
முதல் சந்திப்புக்குப் பாலம் தாண்டிப் போனேன்,
மடிக்கணினி, நாற்பது கேள்விகள்,
யோசிக்காமல் போட்டுக்கொண்ட மெல்லிய சட்டை.
மிஸ்டர் ஊய் தடித்த குளிர்ச்சட்டை ஒன்றைக் கொண்டுவந்து
என் நாற்காலி முதுகில் போட்டார்.
"சாதாரண சிஸ்டம் போதும்லா" என்றார்.
சாதாரணம் என்ற சொல்லை
நான் எப்போதும் சிவப்பு மையில்தான் குறித்துக்கொள்வேன்.

காலையில் எத்தனை கட்டி ஏறுகிறது?
முந்நூறு.
எத்தனை இறங்குகிறது?
முந்நூறு.
எடை?
அவர் சிரித்தார். கிராணி நோர்லைலாவும் சிரித்தார்.
நானும் சிரித்துவைத்தேன்,
காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாமென்று.
கேட்க மறந்தேன்.

தேவை ஆவணம் அறுபத்திரண்டு பக்கம்.
ஒவ்வொரு மூலையிலும் அவருடைய சுருக்கொப்பம்,
வாசிக்காதவரின் அழகான சுருக்கொப்பம்.
பாயான் பாருவில் நாங்கள் மூன்று பேர்.
தர்வின் எழுதினான், யீ லிங் சோதித்தாள்,
நான் தேதிகளை நகர்த்தினேன்;
நகர்த்திவிட்டு
அவை அங்கேயே இருந்தவைபோல் பேசினேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு டெமோ.
நீலம் பிடிக்கவில்லை என்றார். மாற்றினோம்.
பழைய நீலமே தேவலை என்றார். மாற்றினோம்.
அதற்குக் கட்டணம் கேட்கவில்லை.
கேட்கவில்லை என்பதை மின்னஞ்சலில் எழுதிவைத்தேன்.

நான்காம் மாதம் ஏற்புச் சோதனை.
நிஜ லாரிகள், நிஜ டிரைவர்கள், நிஜ வெயில்.
ஏறியது பதினைந்து டன்.
சந்தை சந்தையாக இறங்கியது பதினாலு சொச்சம்.
திரை சிவந்தது:
கணக்கு சமமில்லை. நாள்கணக்கை மூட இயலாது.
விடியுமுன் தொடங்கிய அந்த நாள்
இரவு பத்துக்கும் மூடாமல் திறந்தே கிடந்தது.
நோர்லைலா தொலைபேசியில் மெதுவாகச் சொன்னார்:
"அடிக், ஐஸ் உருகும்."

ஆவணத்தில் 'உருகு' என்று தேடினேன்.
ஒன்றுமில்லை.
உப்பு விற்கப் போனால் மழை என்பார்கள்.
இவர்களுக்கு வெயில்தான் வியாபாரம்,
வெயில்தான் நட்டமும்;
ஒரே சூரியன்
வரவிலும் பற்றிலும் குந்தியிருக்கிறது.
இதை வாடிக்கையாளரிடம் கேட்டிருக்கவும் வேண்டாம்.
என் மேசைமேலிருந்த தண்ணீர்க் குவளையைக் கேட்டிருக்கலாம்.

"இது புதுக் கோரிக்கையா, நம் பிழையா?" என்றான் தர்வின்.
கோரிக்கை என்றால் அவர் காசு,
பிழை என்றால் எங்கள் தூக்கம்.
பாதிப் பாதி என்று எழுதி
புதிதாக ஒரு கட்டம் சேர்த்தோம்:
கரைந்தது, கிலோவில்.

அளக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது,
நான்காம் லாரி மட்டும் அதிகம் கரைகிறது.
அதே சாலை, அதே தார்ப்பாய்.
தினமும் நாற்பது நாற்பத்தைந்து கிலோ கூடுதல்,
வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம்.
யீ லிங் வரைபடம் போட்டாள், பெருமையோடு.
மூன்று படுத்த கோடுகள்,
ஒரு மலை.

மிஸ்டர் ஊய் மலையை நெடுநேரம் பார்த்தார்.
நோர்லைலா கோப்பி கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.
"நாலு அப்படித்தான்.
திரையில் காட்டவேண்டாம். யாருக்கும்.
எனக்கும்."
ஏன் என்பது என் தொழில்.
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
எத்தனை நாள் வேலை?
இரண்டு.
காசு?
உண்டு.
தலையசைத்தார். இம்முறை
வாசித்துவிட்டு ஒப்பமிட்டார்.

தேவை எண் ஏழு புள்ளி நாலு:
நான்காம் லாரியின் கரைவு சேமிக்கப்படும், காட்டப்படாது.
யீ லிங் அதற்கும் ஒரு சோதனை எழுதினாள்.
திற. தேடு.
காணவில்லையென்றால் தேர்ச்சி.

இப்போது பராமரிப்புக் காலம்.
மாதம் ஒருமுறை போகிறேன்,
சொந்தக் குளிர்ச்சட்டையோடு.
வாயிலில் நான்காம் லாரி கிளம்புகிறது.
பின்கதவின் அடியில் தண்ணீர் சொட்டுகிறது,
மற்ற மூன்றிலும் சொட்டுகிற மாதிரிதான்.