மூன்று நிமிடம்

நூடில்ஸ் பக்கற்றுக்குள்
வெள்ளி நிறத்தில் சின்னதாய் ஒரு பை.
அதன்மேல் கொண்டையோடு ஒரு கோழி
என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.
இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.
கோழி இல்லையாம்.
கோழியின் மணம் மட்டும்தானாம்.
மணத்துக்கு விரதம் முறியுமோ என்று
இந்த நேரத்தில் யாரைக் கேட்பது?
கேட்கக்கூடியவள் ஒருத்திதான்.
அவள் புதன்கிழமையிலிருந்து
என்னோடு கதைப்பதில்லை.

பையை உப்புப் போத்தலுக்குப் பின்னால் தள்ளிவிட்டுப்
பழப்புளியை ஊறப்போட்டேன்.

யசோதினிக்குக் காலையிலேயே தடிமன்.
ஸ்கூட்டியின் சத்தத்தைவிடத்
தும்மலின் சத்தம் ஒழுங்கை முடியும்வரை கேட்டது.
ஆஸ்பத்திரியில் நாள்முழுக்க
ஊருக்கெல்லாம் மருந்து எண்ணிக் கொடுக்கிறவள்
தனக்கென்று ஒரு பனடோல் போடமாட்டாள்.

மிளகு. நற்சீரகம். கொஞ்சம் மல்லி.
உள்ளியைத் தேத்தண்ணிக் கோப்பையின் அடியால்
தோலோடு நசித்தேன்.
செத்தல் மிளகாய் ஐந்து காணும்.
ஏழு போட்டேன்.
புதன்கிழமை நான் சொன்ன வசனத்திலும்
ஏழு சொற்கள்தான்.
ஐந்தோடு நிறுத்தியிருக்கலாம்.

எண்ணெய்க்குள் மிளகாய் கறுத்தபோது
குசினி முழுக்கப் புகை.
யன்னலைத் திறந்தேன்.
மதிலுக்கு அந்தப் பக்கம்
தவயோகன் இருமுவது கேட்டது.
மன்னிக்கவேண்டும், அண்ணை.

தக்காளி இரண்டைக் கையால் பிசைந்து,
பயிற்றங்காயை விரல்நீளம் முறித்து,
மணலுக்குள் புதைத்து வைத்ததில் மிஞ்சிய
பலாக்கொட்டை நாலையும் பிளந்துபோட்டுப்
புளியை ஊற்றினேன்.
அரியாலையில் எங்கள் கிணறு கொஞ்சம் சவர்.
உப்பை யோசித்துத்தான் போடவேண்டும்.
நன்றாய் யோசித்தேன்.
முருங்கையிலை கடைசியில்.

இனி நூடில்ஸ்.
மூன்று நிமிடம் என்று எழுதியிருக்கிறார்கள்.
எதிலிருந்து மூன்று நிமிடம் என்று
எழுதவில்லை.

வெளியில் புரட்டாசி இடி, மழை இன்னும் இல்லை.
ஒழுங்கை முகப்பில் ஸ்கூட்டி திரும்பும் சத்தம்.
பக்கற்றைப் பிய்த்துக் கொட்டினேன்.
படலை திறந்தது,
எங்கள் படலை அல்ல.
ரியூசன் முடிந்து வந்திருந்தாள்
தவயோகனின் மகள்.

அடுப்பை நிறுத்தலாம். நிறுத்தினேன்.
நிறுத்தினால் மட்டும் ஊறாமல் இருக்குமோ?
நாலாவது நிமிடம், எட்டாவது நிமிடம்.
கடவையில் ரயிலுக்கு மறித்திருப்பார்கள்.
இல்லாவிட்டால் தமக்கை வீட்டுக்குப் போயிருப்பாள்.
பதினைந்தாவது நிமிடம்
புளித்தண்ணி முழுவதையும் குடித்துவிட்டு
விரல் தடிப்பில் கிடந்தது நூடில்ஸ்.
சுடுதண்ணி விட்டேன். அதையும் குடித்தது.
அகப்பையால் கிளறக் கிளறக் கரைந்தது.

மழையோடு வந்தாள்.
ஹெல்மெற்றைக் கழற்றாமலே
தாச்சிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன, கூழோ?"

மூன்று சொல். எண்ணிவிட்டேன்.

"ஓம். சைவக் கூழ்.
நண்டில்லை, மீனில்லை, ஒடியல் மாவுமில்லை."

"அப்ப என்னதான் கிடக்கு?"

"மிளகாய்."

ஈரச் சட்டையோடு கதிரையில் இருந்து
கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள்.
நெற்றி வேர்த்தது. காது சிவந்தது.
இரண்டு நாளாய் அடைத்துக் கிடந்த மூக்கு
ஒரே வீச்சில் திறந்துகொண்டது.
ஒரு பலாக்கொட்டையை ஒதுக்கி
என் பக்கம் தள்ளினாள்.
அது வேகவில்லை.

"உப்புக் காணாது."

எழுந்து போத்தலை எடுத்தேன்.
பின்னால் நின்ற கோழி
இரண்டு பேரையும் பார்த்தது.

"இது?"
"வெள்ளிக்கிழமை எண்டு ஒளிச்சு வைச்சனான்.
நாளைக்குப் போடலாம்."

"நாளைக்குப் புரட்டாசிச் சனி"
என்று சொல்லிக்கொண்டே குனிந்தாள்.
தோள் குலுங்கியது.
சிரித்தாளோ தும்மினாளோ,
மழைச் சத்தத்தில்
எனக்குச் சரியாய்க் கேட்கவில்லை.