ஜம்பர்

லிஃப்ட் பள்ளத்தில் சிக்னல் கிடையாது.
இறங்குமுன்பே
சூரத்காரரின் வீடியோவைப் பார்த்துவிட வேண்டும்.
முகம் காட்டாதவர். கைகள் மட்டும்.
இடது சுட்டுவிரல் நகம் கறுத்திருக்கும்.
என்கோடர் கேபிளை அவர் உருவுவது
பூனைக்குட்டி வாயிலிருந்து நூலை எடுப்பதுபோல.
அவர் குஜராத்தி பாதி புரியும்,
கை முழுக்கப் புரியும்.

கம்பெனியும் பயிற்சி தந்தது,
அந்தேரி ஓட்டலில் ஒரு நாள்.
ஏசி தாங்கவில்லை. பனீர் நன்றாயிருந்தது.
சான்றிதழில் மரகதவல்லி
'மார்க்கெட் வாலி' ஆகியிருந்தாள்.

வாட்ஸப் குழுவில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்.
என் படம் ஒரு ஸ்பேனர்.
எல்லோருக்கும் நான் 'பாய்'.
மூன்று வருடமாகத் திருத்தவில்லை;
பாய்க்குப் பதில் சீக்கிரம் வருகிறது.
போன மாதம் எர்ரர் முப்பத்தேழு என்று படம் போட்டேன்.
தம்மாமிலிருந்து ஒருவர் எழுதினார்: 'எலி பார்.'
எலிதான்.

இன்று பரேல், இருபத்து மூன்று மாடி.
வேலை முடித்து மெஷின் ரூமுக்கு ஏறினேன்.
போன் உயிர் வந்து துடித்தது:
ஒரு ரோஜா, குட் மார்னிங், மணி இரண்டே கால்.
பழைய மோட்டார் ஒன்று விலைக்கு.
தாணேயிலிருந்து புதுப் பையன்:
'டோர் லாக் எடுக்கவில்லை,
செக்ரட்டரி திட்டுகிறார், என்ன செய்ய?'
அடியில் ஒருவர்: 'ஜம்பர் போடு. ஓடும்.'
அதற்கு முப்பத்தொரு கட்டைவிரல்கள்.

ஓடும்.
பொய்யில்லை, ஓடும்.
வடாலாவில் நானும் போட்டேன்,
ஒரு மணி நேரத்துக்குத்தானே என்று.
ஆறாவது மாடியில் கதவு திறந்தது,
லிஃப்ட் இரண்டாவதில் நின்றது.
பால் போடும் பையன்
கிரேட்டைத்தான் முதலில் தள்ளினான்,
காலை அப்புறம் வைக்கலாமென்று.
அவ்வளவுதான் வித்தியாசம்.
பள்ளத்தில் புளித்த வாடை போக நாலு நாள்.
லாக் புத்தகத்தில்
'சர்வீஸ் முடிந்தது' என்று கையெழுத்துப் போட்டேன்.

கை முழுக்கக் கிரீஸ், எழுத்து வழுக்குகிறது.
ஒரு விரலைப் பேண்டில் துடைத்து
மைக்கை அழுத்தினேன்.
பாலைச் சொன்னேன். வடாலாவைச் சொன்னேன்.
கையெழுத்தையும் சொன்னேன்,
என் தாராவி இந்தியில்,
ஒரு நிமிடம் நாற்பது விநாடி.
கான்கிரீட் சுவரில் பட்டு
என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

யாரோ எழுதுகிறார். நிறுத்துகிறார்.
மறுபடி எழுதுகிறார்.
ஜம்பர்காரர் தன் வரியை அழித்தார்;
முப்பத்தொரு கட்டைவிரலும் அதோடு போயின.
தம்மாமிலிருந்து 'பாய்' என்று மட்டும் வந்தது,
பின்னால் ஒரு கேள்விக்குறி.

அப்புறம் தாணே:
'மேடம், ரோலரா, கான்டாக்டா,
முதலில் எதைப் பார்க்க?'

இந்த மாடிக் கதவின் லாக்கைத் திறந்தேன்.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
போனை ஃபியூஸ் பெட்டிமேல் சாய்த்து
வீடியோ எடுத்தேன்.
கைகள் மட்டும்,
நகங்களில் பாதி அழிந்த மருதாணியோடு.