மூன்றாவது சிலிண்டர்

நிவாவின் எஞ்சின் என் சமையலறையில் கிடக்கிறது.
கொட்டிலில் எண்ணெயே வழியாமல் இறுகிவிட்டது,
அவ்வளவு குளிர்.
சியாலா எட்டிப் பார்த்துவிட்டு
"இதற்கு நடுவிலா சாப்பிடுகிறாய்?" என்றாள்.
இதற்கு நடுவில்தான்.
ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் பக்கத்தில்
நான்கு பிஸ்டன்கள்,
கழுவிக் கவிழ்த்த தம்ளர்கள் மாதிரி.

கடைசியாகப் பிரித்துப் பூட்டியதிலிருந்து
ஏழு வருடம் இந்த வண்டி நீலமாய்ப் புகைத்தது.
பீன்ஸ் மூட்டை ஏற்றிச் சந்தைக்குப் போனால்
பின்னால் வருகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள்.
ஓத்தியா விற்கிற பெட்ரோல் என்று நான்தான் சொன்னேன்.
மண்ணெண்ணெய் கலக்கிறான் என்றேன்.
ரொட்டிக் கடையில் சொன்னேன்,
சாவு வீட்டில்கூட, மது ஊற்றுகிற இடைவெளியில், சொன்னேன்.
அவன் வந்து ஒன்றும் கேட்கவில்லை.
நானும் முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய் நிரப்பிக்கொண்டேன்.

இன்று மூன்றாவது பிஸ்டனில் கரியைச் சுரண்டியபோது
இரண்டாவது வளையத்தின் மேல்முகத்தில்
இருக்க வேண்டிய குறி இல்லை.
கழற்றித் திருப்பினேன்.
அடிமுகத்தில் இருந்தது.
எண்ணெயை வழித்துக் கீழே தள்ள வேண்டிய விளிம்பு
இத்தனை காலமும் மேலே வாரிக் கொடுத்திருக்கிறது.
போட்டவள் நான்.
இதே மேசையில்,
யாரையும் கிட்டே சேர்க்காமல்.

கையைக் கழுவினேன். கழுவியும் கறுப்புதான்.

புது வளையத்தைச் சிலிண்டருக்குள் வைத்து
பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி
வாயில் தகட்டை நுழைத்துப் பார்த்தேன்.
கால் மில்லிமீட்டர்கூட வழிவிடவில்லை.
அரத்தை இடுக்கியில் பூட்டி
வெளியிலிருந்து உள்ளுக்கு, ஒரே பக்கமாக இழுத்தேன்.
நான்கு இழுப்பு, அளவு.
இரண்டு இழுப்பு, அளவு.
எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது.
சூட்டில் நீளும் என்பதற்காக விடுகிற இடம்,
மயிரளவு கூடினாலும் கசியும்.

மூன்று வளையங்களின் வாயும்
ஒன்றன்கீழ் ஒன்று வந்துவிடாமல் திருப்பி வைத்து,
பட்டையால் இறுக்கி,
சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டினேன்.
ஒன்று, இரண்டு, நான்கு இறங்கிவிட்டன.
மூன்று மட்டும் பாக்கி.
டிக்.
நகம் ஒடிகிற அளவுக்குத்தான் சத்தம்.
அதே இரண்டாவது வளையம்.

கூத்தாயிசி சாலை பனிச்சரிவில் மூடிக் கிடக்கிறது.
ஓனியில் உதிரி வளையம் வைத்திருப்பவன் ஒருவன்தான்.

ஓத்தியா பிஸ்கட் டப்பாவைத் திறந்தான்.
"எத்தனை?"
"எழுபத்தொன்பது. இரண்டாவது."
மெழுகுத்தாளில் சுற்றியதை எடுத்து வைத்தான்.
பணத்தை வைத்தேன். போயிருக்கலாம்.
"பழையது தலைகீழாக இருந்தது" என்றேன். "ஏழு வருடமாக."
அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.
"எந்தச் சிலிண்டர்?"
"மூன்று."
"அப்படியானால் அந்த ஒரு பிளக்தான் கறுத்திருக்கும்.
பெட்ரோல் கெட்டிருந்தால் நான்கும் அல்லவா கெடும்.
நீ பார்க்கவில்லையா?"

பார்த்திருந்தேன்.
வருடத்துக்கு இரண்டு முறை
அந்த ஒன்றை மட்டும் கழற்றித் துடைத்திருந்தேன்.

"பார்த்தேன்" என்றேன்.
மீதியைக் காசுக்குக் காசு எண்ணி வைத்தான்.
டப்பாவை மூட மட்டும் நேரமானது.

அவன் கொடுத்ததன் வாய் சற்று அகலம்.
பரவாயில்லை என்று எந்தக் கையேட்டிலும் இல்லை.
போட்டேன்.
குறி மேலே.
விளக்கை இழுத்து மறுபடி பார்த்தேன். மேலே.
பிறகு சுவரைத் தட்டிச் சியாலாவைக் கூப்பிட்டு
பார்க்கச் சொன்னேன்.
கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு,
எதற்கென்று தெரியாமலே,
"மேலேதான் இருக்கிறது" என்றாள்.