ஐந்தில் ஒரு பங்கு

பகல் முழுக்க ஐஸ்.
படகு ஒன்றுக்கு இத்தனை பார்,
பார் ஒன்றுக்கு இவ்வளவு, கடன் இவ்வளவு என்று
பாம்பன் வடக்குத் துறையில்
ஈரக் கணக்கேட்டில் எழுதுகிறேன்.
பேனாவுக்கே சளி பிடித்திருக்கிறது.

ராத்திரி மட்டும் எனக்குச் சூடு வேண்டும்.

சமையல் மேடையைத் துடைத்து
ஜன்னலைத் திறந்து
மகனின் நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு
தராசில் பூஜ்ஜியம் வரக் காத்திருக்கிறேன்.
தேங்காய் எண்ணெய் ஆயிரம் கிராம்.
பெட்ரோல் பங்கில் வாங்கிய பேட்டரித் தண்ணீர் முந்நூறு.
எங்கள் தெருக்குழாயில் வருவதும்
தண்ணீர் என்றுதான் பஞ்சாயத்து சொல்கிறது.
கடைச் சோப்பு அதில் நுரைக்காது.
தயிர் மாதிரித் திரிந்து
தோளில் ஒட்டிக்கொள்ளும்.
அந்த எரிச்சலில் தொடங்கியதுதான் இது.

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும்.
தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது.
சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கிறது.
செய்யும்போது ஒன்றில் கண் போய்விடும்.
முதல் தடவை அலுமினியச் சட்டி.
சீறிக் கறுத்துப் புகைந்து
வாசல் வரை துரத்தியது.
"பேய் ஓட்டுறியா, வியாகுலம்?" என்றார் சந்தியாகு.
இப்போது எவர்சில்வர் ஜக்கு,
அதைச் சுற்றிக் கம்பெனியில் பொறுக்கிய ஐஸ் சில்லுகள்.
வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதே என்பார்.
இது ஒன்றைத்தான் கொண்டுவருகிறேன்.
கொதிக்கிற ஜக்கின் காலடியில்
அது நெட்டி முறிக்கிறது.

கணக்கு இப்படி:
எண்ணெய் முழுவதும் சோப்பாக
நூற்று எண்பத்து மூன்று கிராம் சோடா வேண்டும்.
நான் போடுவது நூற்று நாற்பத்தாறு.
ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய்
ஜோடி கிடைக்காமல் சும்மா இருக்கட்டும்.
மிச்சமில்லாமல் நேர் செய்தால்
அழுக்கோடு தோலையும் எடுத்துவிடும்.

இருபத்தோரு வருஷமாக
வரவும் செலவும் நேர் செய்பவள் நான்.
எட்டணா இடித்தால் தூக்கம் வராது.
மாதக் கடைசியில் ஏட்டை மூடும்போது
எல்லாம் சரியாக இருக்கிறது,
யாரிடமிருந்தோ எதையோ உரித்துவிட்டு.

கலக்கக் கலக்கக் கெட்டிப்படுகிறது.
கரண்டி போட்ட கோடு அழியாமல் நிற்கும்போது
ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றி
தெர்மோகோல் மீன்பெட்டிக்குள் வைத்து மூடுகிறேன்.
குளிரைக் காப்பாற்றி நாறிப்போன பெட்டி
முதல்முறையாகச் சூட்டைக் காப்பாற்றுகிறது.
நாலு மணி நேரத்தில் அறுத்துவிட வேண்டும்.
போன தடவை லாரிக்காரன் சாவி கேட்டு வந்தான்.
பேச்சில் நேரம் போய்க் கல்லாகிவிட்டது,
கத்தி வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது.
இன்று அலாரம்.
தங்கூசி நரம்பை இரு கையிலும் சுற்றி இழுத்தேன்.
சீலாத் துண்டு கணக்காகப்
பன்னிரண்டு வர வேண்டும். பதினொன்று வந்தது.
எங்கே இடித்ததென்று தேடவில்லை.

ஆறு வாரம் காய்ந்ததும்
ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு
சின்னப்பாலம் போனேன்.
பாசி எடுத்துவிட்டுக் கரையேறிக்கொண்டிருந்தாள் இருளாயி.
விரலில் துணி சுற்றியும்
பாறை கீறிய கோடுகள்.
"கடத் தண்ணியிலயே போட்டுப் பாரு" என்றேன்.
சிரித்தாள். உப்பில் சோப்பு நுரைத்ததாக
யார் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.
இடுப்பளவில் நின்று தேய்த்தாள்.
மணிக்கட்டில் வெள்ளை ஏறியது,
முழங்கை வரை போயிற்று,
அலை கழுவிக்கொண்டு போனது,
மறுபடி வந்தது.

"எம்புட்டு?" என்றாள்.
நாள் முழுக்க விலை எழுதுகிற எனக்கு
வாயில் ஒன்றும் வரவில்லை.
"சும்மாதான். பொழுதுபோக்கு."
"எனக்குப் பொழுது அதுவாப் போயிருதே"
என்றபடி சோப்பை முகர்ந்தாள்.
"நொர நல்லாத்தான் வருது.
வாசந்தான் ஒண்ணுமே இல்ல."

வீட்டுக்கு வந்து
சோப்பு நோட்டில் தேதி எழுதினேன்.
இருளாயி, ஒன்று. இருப்பு, பத்து.
விலைக் கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனா நின்றது.
பிறகு அதில்
வெட்டிவேர்? என்று எழுதினேன்.