நீடாமங்கலம் கேட்டில் ஒரு டர்போ

மிதித்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை.

கேட் திறந்து அரை நிமிடம் ஆயிற்று.
மூன்று வாழைத்தாரோடு ஒரு டிவிஎஸ் ஃபிப்டி
இடப்பக்கமாகத் தாண்டிப் போனது.
வலப்பக்கம் அறுவடை மெஷின்,
அத்தனை பல்லையும் இளித்துக்கொண்டு.
பின்னால் கும்பகோணம் பஸ்
என் பரம்பரையை விசாரித்து ஹாரன் அடித்தது.

டீசல் கார். செகண்ட் ஹேண்ட்.
விற்றவர் கூத்தாநல்லூர்க்காரர், பொய் சொல்லாதவர்.
"டர்போ இருக்கு தம்பி" என்றார்.
எப்போது இருக்கும் என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.

மெக்கானிக் பக்கிரிசாமி பானெட்டைத் தூக்கி
நத்தை மாதிரி ஒன்றைக் காட்டினார்.
நத்தை மாதிரி இருக்கிறதே என்றேன்.
"உருவத்துலதான் சார்" என்றார்,
கொஞ்சம் யோசித்துவிட்டு.

புகை தள்ளினால் சக்கரம் சுற்றும்,
சக்கரம் சுற்றினால் காற்று வரும்,
காற்று வந்தால்தான் வண்டி இழுக்கும்,
வண்டி இழுத்தால்தான் புகை வரும்.
கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும்,
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும்
என்பதை எண்ணூறு ரூபாய்க்குச் சொன்னார்.

"மேட்டூர்ல மதகைத் தூக்குன அன்னிக்கே
தலைஞாயிறுல தண்ணி கேட்டா எப்படி?"
பெயரில்தான் அந்த ஊருக்குத் தலை,
பாசனத்தில் கடைமடை.
என் கால் மேட்டூர், என் டயர் தலைஞாயிறு.
நடுவில் எந்த ஷட்டர் பழுது என்று
யாருக்கும் தெரியாது.

சரி, முன்கூட்டியே திறந்துவிடுவோம் என்று
மறுநாள் மன்னார்குடி தேரடியிலேயே
நீடாமங்கலத்துக்கும் சேர்த்து மிதித்தேன்.
வந்தது. பாமணியாற்றுப் பாலத்தில் வந்தது,
எதிரே இருநூறு வாத்து வரும்போது.
வாத்துக்காரர் சொன்னதை
இங்கே எழுத முடியாது.
வாத்துகளும் ஏதோ சொல்லின.

மறுபடி கேட். இன்ஜின் கழன்று
இந்தப் பக்கம் வந்து மாட்டிக்கொள்ளும் வரை
ஊரே நிற்கும்; நின்றால் ஊரே பேசும்.
கடலை விற்கும் லூர்துமேரி
முறத்தால் விசிறிப் பார்க்கட்டுமா என்றாள்.
கொள்முதல் நிலைய எழுத்தர் நெடுமாறன்
நெல் தூற்றும் மெஷினை முன்னால் கட்டலாம்,
ஆனால் காற்றில் ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
திருப்பி அனுப்புவோம் என்றார்.
வலங்கைமான் வேட்டுக்கடைக்காரர்
சைலன்சரில் ஓர் அணுகுண்டு போதும் என்றார்.
பந்தயக் கார்களில் கிட்டத்தட்ட
அதைத்தான் செய்கிறார்களாம்;
அவருக்கு அது தெரியாது,
எல்லா வியாதிக்கும் அவரிடம் அதுதான் மருந்து.
முகூர்த்தத்துக்குப் போகும் வேனிலிருந்து
நாயனக்காரர் ஒருவர்
காற்றுக்குழாயை நீளமாக விடுங்கள்,
பின்சீட்டில் உட்கார்ந்து மூச்சு விடாமல்
ஊதிக்கொண்டே வருகிறேன் என்றார்.
போக வர சாப்பாடு,
தாளத்துக்கு ஆள் தனி.

பக்கத்து ஸ்கூட்டரில் ஒரு நர்ஸம்மா
எல்லாவற்றையும் கேட்டுவிட்டு
"வண்டி கவர்மென்ட் வேலையா சார்?" என்றாள்.
"இல்லம்மா, நான்தான் தாலுகா ஆபீஸ்.
வண்டி சொந்த வண்டி" என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
ஏன் என்று பார்ப்பதற்குள் கேட் திறந்தது.

மிதித்தேன்.
லூர்துமேரி, கூடையோடு, என்னை முந்தினாள்.

ராத்திரி இரண்டு மணி.
மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
படுக்கையில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து
கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.
கட்டில் ஆடியது.

என்னங்க, என்ன ஆச்சு என்றாள் வேதவல்லி.

வந்துடுச்சு என்றேன்.